உட்கார வைக்காதீர்கள்: வீட்டுப் பெரியவர்களின் கால்பலத்தைக் காக்க ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு எழும்போது தடுமாறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் ரத்தக்கட்டு, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எல்லோரையும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து கோலத்தை வேலைக்கு வருகிற அக்கா போட்டார். காய் நறுக்குவதை நான் வாங்கிக்கொண்டேன். துணி மடிப்பது, விளக்கு தேய்ப்பது, மாடியில் வடாம் காயப்போடுவது என்று ஒவ்வொன்றாக அம்மா கையிலிருந்து போனது. "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து, யாராவது கைகொடுக்காமல் அம்மாவால் சோபாவிலிருந்து எழ முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 71. புதிதாக எந்த நோயும் வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். ஒரு தடவைகூட முடியவில்லை. அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களைக் கவனித்துக்கொள்வது என்றால் அவர்களை உட்கார வைப்பது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அதில்தான் கால் போகிறது.

எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு திரும்ப வரும்

ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது. வைரஸ் காய்ச்சலில் படுத்து எழுந்த தாத்தா "கால்ல தெம்பே இல்ல" என்று சொல்வது வெறும் சோர்வு இல்லை. நிஜமாகவே தசை குறைந்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால்பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை வளரும். நான் அம்மாவிடம் முதலில் சொன்னது இந்தச் செய்தியைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரை இது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். மூன்று நாளாவது, நிதானத்தையும் (தடுமாறாமல் நிற்கிற சமநிலையையும்) பலத்தையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி வேண்டும். நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே 'வாக்கிங்' என்று ஆகிவிட்டதால் கடைசி இரண்டும் விட்டுப்போகின்றன. ஆனால் விழாமல் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

படி 1: முதலில் மாத்திரைப் பை

ஒரு துணிப்பை எடுங்கள். வீட்டில் பெரியவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும் அதில் போடுங்கள்: பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தூக்க மாத்திரை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை, லேகியம், சூரணம் எல்லாம். பையோடு டாக்டரிடம் போய், "இதில் தலைசுற்றல் வரவைப்பது எது?" என்று கேளுங்கள். தூக்க மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும், ஆண்களுக்குப் புராஸ்டேட் தொந்தரவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் எழுந்து நிற்கும்போது தள்ளாட்டத்தைக் கொடுக்கும். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. கேட்டால் அளவையோ நேரத்தையோ டாக்டரே மாற்றித் தருவார்.

அங்கேயே இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதைச் சரிசெய்யும் வழியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பாதங்களைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், புதிதாக வந்த தலைசுற்றல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லும்வரை எதையும் தொடங்க வேண்டாம்.

கண்ணையும் காட்டிவிடுங்கள். புரை முற்றும்வரை காத்திருக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம். பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குப் படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் பார்க்கப் பழக்குங்கள்.

படி 2: இன்று எங்கே இருக்கிறார் என்று அளந்து வையுங்கள்

மூன்று சின்னச் சோதனைகள் போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியவர்கள் விழாமல் தடுப்பதற்காக டாக்டர்களுக்குப் பரிந்துரைக்கிற அதே சோதனைகள்தான். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

முதலாவது, நாற்காலி. கை இல்லாத, கெட்டியான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். 65 முதல் 69 வயதுவரை ஆண் 12, பெண் 11. 70 முதல் 74 வரை ஆண் 12, பெண் 10. 75 முதல் 79 வரை ஆண் 11, பெண் 10. 80 முதல் 84 வரை ஆண் 10, பெண் 9. இதற்குக் கீழே இருந்தால் கால்பலம் குறைவு, விழ வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

இரண்டாவது, நடை. நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை.

மூன்றாவது, நிதானம். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்பது. அடுத்தது ஒரு பாதத்தை அரையடி முன்னால் வைத்து நிற்பது. பிறகு ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டி, ஒரே கோட்டில் நிற்பது. கடைசியாக ஒற்றைக்காலில் நிற்பது. ஒவ்வொன்றும் 10 விநாடி. மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாதவர்கள் விழ வாய்ப்புள்ளவர்கள்.

எண்களை மாதக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி. அம்மாவின் முதல் மாதக் கட்டத்தில் 0, 21 விநாடி, இரண்டாவது நிலைவரை என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறோம்.

படி 3: வீட்டை ஒரு சுற்று பாருங்கள்

பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு இரண்டு மணிக்கு நடக்கிற பாதையை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். வழியில் நைட் லேம்ப், மிதியடி இல்லாத தரை, ஒயர் இல்லாத ஓரம். கழிப்பறையில் சுவரில் துளைபோட்டு இறுக்கிய ஸ்டீல் கைப்பிடி. டவல் போடுகிற கம்பி கைப்பிடி ஆகாது, உடல் எடையில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். குளிக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல், ரப்பர் விரிப்பு.

வீடு துடைத்தபின் தரை காயும்வரை அவர்கள் உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. நான் "உட்காருங்கள்" என்று சொல்வது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். மொசைக், டைல்ஸ் இரண்டுமே ஈரத்தில் ஆபத்து. தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும் அதுதான். வேட்டியும் புடவையும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

கைத்தடி இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குத் தடி இருக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருக்கக் கூடாது. முக்கியமாக, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் தடி இடது கையில். பெரும்பாலானவர்கள் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே.

படி 4: வாங்கிய வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

உடற்பயிற்சிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைப் பட்டியல் போடுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் எழுதி முடித்தபோது 14 வந்தது. அதில் எழுந்து, நடந்து, குனிந்து, கையை நீட்டிச் செய்கிற வேலைகள் எவை என்று பார்த்து, வாரத்துக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தோம்.

முதலில் துணி மடித்து அவரவர் அலமாரியில் கொண்டுபோய் வைப்பது. மூன்று அறைக்கும் போய்வர வேண்டும் என்பதால் அதுவே நல்ல நடை. அடுத்தது செடிகளுக்குத் தண்ணீர், அரை வாளிதான், ஆனால் நான்கு தடவை. அப்புறம் நின்றுகொண்டு காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது. பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போய்வருவது மூன்றாவது மாதத்தில்தான்.

கோலத்தைக் கடைசியாகக் கொடுத்தோம். அது கஷ்டமான வேலை: குனிந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து, தலை நிமிர்ந்து எழ வேண்டும். முதலில் ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் வைத்து, அதில் ஊன்றி எழப் பழகினார். இப்போது அஞ்சு புள்ளிக் கோலம் சின்னதாகப் போடுகிறார். தாண்டிப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வேலை மெதுவாக நடக்கும். ஒரு கிலோ பீன்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று "குடு, நான் பண்றேன்" என்று கை நீட்டாமல் இருப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே எனக்குக் கடினமாக இருந்த படி.

படி 5: வாரம் மூன்று நாள், ஆறு பயிற்சிகள்

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் ஒரு வீட்டுப் பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள். ஒடாகோ திட்டம் என்றே அதற்குப் பெயர். கால்பலமும் நிதானமுமாக 17 பயிற்சிகள், வாரம் மூன்று முறை, அதோடு வாரத்தில் இரண்டு முறையாவது நடை. 65 முதல் 97 வயதுவரை 1,016 பேரைச் சேர்த்துப் பார்த்ததில் விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது "ஒடாகோ பயிற்சி" என்று கேட்டால் புரிந்துகொள்வார். ஒரு முறையாவது அவரை வைத்துத் தொடங்குவதுதான் சரி. கீழே இருக்கும் ஆறும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை.

*எழுந்து உட்காருவது.* ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துத் தோற்கிறார்கள். சாய்ந்தால் பாதி வேலை முடிந்தது. எழும்போது ஒன்று, இரண்டு. உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பொத்தென்று விழக்கூடாது, அந்த மெதுவான இறக்கத்தில்தான் தொடை பலம் பெறுகிறது. முடியாவிட்டால் இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயரம் கூட்டுங்கள். அம்மா இரண்டு போர்வையில் ஆரம்பித்தார். ஐந்து தடவை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து.

*முழங்காலை நீட்டுவது.* உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது. காலுக்குப் பத்து. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும்.

*குதிகாலைத் தூக்குவது.* சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழுந்து இறங்குவது. பத்து. பால் காய்கிற நேரம் போதும்.

*விரல்களைத் தூக்குவது.* அதே இடத்தில், குதிகாலில் நின்று முன்பாதத்தை உயர்த்துவது. பத்து. நிலைப்படியில் கால் தடுக்குவது இந்தத் தசை சோர்வதால்தான்.

*பக்கவாட்டில் காலை விரிப்பது.* மேடையைப் பிடித்து நேராக நின்று, ஒரு காலைப் பக்கத்தில் தூக்கி மெதுவாக இறக்குவது. உடம்பு சாயக்கூடாது. காலுக்குப் பத்து.

*அடிப்பிரதட்சணம்.* கோவிலில் வேண்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்துச் சுற்றுவார்களே, அதேதான். ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி, சுவரைத் தொட்டுக்கொண்டு பத்து அடி. ஒரே கோட்டில் நடக்கும் இந்த நடை ஒடாகோ திட்டத்திலும் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபோது அம்மா, "இது எங்க பாட்டி சமயபுரத்துல பண்ணினது" என்றார். ஆறில் அவருக்குப் பிடித்தது இதுதான்.

பலம் வரவர இரண்டு கையால் பிடிப்பதை ஒரு கையாக, ஒரு கையை ஒரு விரலாகக் குறையுங்கள். எண்ணிக்கையை வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள். மறுநாள் தொடையில் லேசான பிடிப்பு இருக்கலாம். மூட்டு வீங்கினாலோ, வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

படி 6: நடை

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரே நீட்டாக அரைமணி நேரம் வேண்டும் என்பதில்லை, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்குதான். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும்.

எங்கே நடப்பது? நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம், உத்திர வீதி இருக்கிறது. உங்கள் ஊரில் கோவில் வெளிப்பிராகாரம், பள்ளி மைதானம், நகராட்சிப் பூங்கா என்று ஏதாவது இருக்கும். வண்டி வராத, சமதரையான இடமாகப் பாருங்கள். நடுநடுவே உட்காரத் திண்ணையோ பெஞ்சோ இருப்பது முக்கியம். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டித் தொடங்கியது. எட்டுக் கிலோமீட்டரும் நடக்க வேண்டாம், உங்கள் மாவட்டத்துப் பாதையில் ஒரு துண்டு போதும்.

பூங்காக்களில் இருக்கிற எட்டு வடிவப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பித் திரும்பி நடப்பது நிதானத்துக்கு நல்ல பயிற்சிதான். தலைசுற்றல் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். கூழாங்கல் பாதை அப்படியில்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை அதில் வெறுங்காலோடு நடக்க விடவே கூடாது. மரத்த பாதத்தில் புண் வந்தால் தெரியாது, ஆறவும் ஆறாது. வெயிலில் சுட்ட கோவில் கல்தரையும் அப்படித்தான். நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

இன்சுலின் போடுபவர்களும் கிளைமிப்ரைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. காலை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்தோ மாலையிலோ நடக்கட்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி மூன்று. கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள எண்ணெய்ச் சத்து சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம்.

படி 7: தட்டில் பருப்பு

உழைக்கிற தசைக்குப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் நிபுணர்கள். 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் பெரியவர்கள் சாப்பிடுவது என்ன? காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மோர் சாதம். முப்பது கிராம் தேறுவதே சந்தேகம். அம்மாவுக்கு நாங்கள் செய்தது மூன்றே மாற்றம்: பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் ஒரு கப் தயிரும், ராத்திரி படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன் இன்னும் சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.

தண்ணீரை மறக்க வேண்டாம். வயதானால் தாகம் தெரிவது குறையும். ராத்திரி எழ வேண்டுமே என்று பகலிலும் குடிக்காமல் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்குள் பெரும்பகுதியைக் குடிக்க வைத்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படிதான்.

படி 8: "எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. அறிவுரை உதவாது. பேரன் கல்யாணத்துக்கு மண்டபத்துப் படி ஏற வேண்டும், கிராமத்துக் குலதெய்வக் கோவிலுக்குப் போய்வர வேண்டும் என்று அவர்களுக்கு ஆசையான ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்குங்கள். அம்மாவுக்குக் கோலம்.

நேரத்தை ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு கட்டிவிடுங்கள். சீரியலில் விளம்பரம் வந்தால் ஐந்து தடவை எழுந்து உட்காருவது. காலைக் காபிக்கு முன் குதிகால். தனியாகச் செய்யச் சொல்லாமல் நீங்களும் கூடச் செய்யுங்கள், ஐம்பதைத் தொட்டவர்களுக்கும் இதெல்லாம் தேவைதான். எதிர்வீட்டு மாமி சேர்ந்துகொண்டபிறகு அம்மா ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் தினமும் வீடியோவில் பேசும்போது "சாப்டியாம்மா?" என்பதோடு "இன்னிக்கு எத்தனை?" என்றும் கேட்கலாம். என் தம்பி அப்படித்தான் கேட்கிறான். எண்ணைச் சொல்வதற்காகவே அம்மா செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

படி 9: வெளியே கிடைக்கும் உதவி

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது பலருக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயர் கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பின்னோ எலும்பு முறிவுக்குப் பின்னோ படுத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

முதியோர் மருத்துவம் என்று தனிப்பிரிவு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. டாக்டர் வி.எஸ். நடராசன் அதன் முன்னோடி. கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் முதியோர் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். நான்கைந்து டாக்டர்களிடம் தனித்தனியாக ஓடுவதைவிட, எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் பார்க்கிற ஒருவர் இருப்பது நல்லது.

14567 என்பது மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லாத உதவி எண், எல்டர்லைன் என்பார்கள். தனியாக இருப்பவர்களின் கைபேசியில் இதையும் 108ஐயும் பெரிய எழுத்தில் போட்டு வையுங்கள்.

படி 10: விழுந்துவிட்டால், படுத்துவிட்டால்

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் விழலாம். அதற்கும் பழக வேண்டும். விழுந்ததும் யாரும் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, எங்கே வலி என்று பார்க்கட்டும். இடுப்பில் கடும் வலியோ, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ அசைக்காமல் 108. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடி இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலுமாக நின்று, தவழ்ந்து பக்கத்திலிருக்கும் கட்டிலுக்கோ நாற்காலிக்கோ போய், அதில் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலின் பாதத்தைத் தரையில் பதித்து, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். நல்லாயிருக்கும் நாளில் பாயில் படுத்து இதை மாதம் ஒரு முறை, பக்கத்தில் ஆள் வைத்துச் செய்துபாருங்கள். எழத் தெரியும் என்ற தைரியம் வந்தால் நடையிலேயே பயம் குறைகிறது.

அதே மாதிரி காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி வாசம் என்று நடுவில் நின்றுபோகும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம். ஆனால் டாக்டர் தடுக்காதவரை, சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் மூன்று வேளையும் மேஜைக்கு நடத்திக் கூட்டிவாருங்கள், கழிப்பறைக்கும் நடத்தியே கூட்டிப் போங்கள். மறுபடி தொடங்கும்போது பாதி எண்ணிக்கை.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு டெங்கு வந்தது. அதற்கு முந்தைய மாதக் கட்டத்தில் நாற்காலிக் கணக்கு 9, அவர் வயதுக்கு வேண்டியதில் ஒன்றுதான் குறைவு. காய்ச்சலுக்குப் பின் 4. அலமாரியில் வைத்திருந்த போர்வையை நான் எடுத்து வருவதற்குள் அம்மாவே போய் எடுத்து, இரண்டாக மடித்து நாற்காலியில் போட்டார். தை முடிவில் மறுபடி 8.